டி ஆறில் நிற்கிறவன்

ஆறு மாதம் ஞாயிறுதோறும்
பெள்ளிராஜிடம் தோற்றேன்.
மரியாதையான தோல்விகள்.
அவர் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளுவார், நானும் தள்ளுவேன்.
அவர் குதிரையை எடுத்தால் நானும் குதிரை.
கண்ணாடி பார்த்துத் தலை சீவுகிற மாதிரி.
முப்பதாவது நகர்த்தலில்
கண்ணாடிக்கு வெளியே இருப்பவர் ஜெயிப்பார்.

நான் யோசிக்கிற நேரத்தில்
எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவார்.
கோத்தகிரி தபாலாபீஸில் கடிதம் பிரிக்கிற கை;
எதையும் அதனதன் பொந்தில் போட்டுவிடும்.

அதனால்தான் பெனோனி.
பழைய மொழி ஒன்றில்
என் துக்கத்தின் பிள்ளை என்று அர்த்தமாம்.
பேரைக் கேட்டதுமே பிடித்துவிட்டது.

ஃபாக்டரியில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
வாட்டத் தொட்டியில் இலை கிடக்கும்,
அடியில் காற்றாடி உறுமும்.
மணிக்கு ஒருதரம் ஒரு பிடி அள்ளி
இறுக்கி, விரல் திறந்து பார்ப்பேன்.
சட்டென்று விரிந்தால் இன்னும் பச்சை.
சோம்பலாக விரிந்தால் ரோலருக்குப் போகலாம்.
இடையில், சாக்குக் கட்டின்மேல் செல்போன்,
சிக்னல் ஒரே கோடு.
சி ஐந்து. அவன் டி ஐந்து. இ ஆறு.
வெட்டு. திருப்பி வெட்டு. டி ஆறு.

அவ்வளவுதான், பலகை சாய்ந்துவிடுகிறது.
நடுவில் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல்.
ராணிப் பக்கத்து ஓரத்தில் எனக்கு ஒன்று கூடுதல்.
மொத்தமாக எண்ணினால் சமம்தான்,
ரேஷன் கடையில் எடை சரியாக இருக்கிற மாதிரி.
டி ஆறில் என் ஆள்
கடைசி பஸ் போனபிறகு
ஸ்டாப்பில் நிற்கிறவனைப்போல நிற்கிறான்.

ஒன்று மட்டும் புரியவேயில்லை.
வெள்ளை மந்திரி பி ஐந்துக்கு வந்து செக் சொன்னால்
வெளியே போன குதிரையை வீட்டுக்கே இழுக்கணுமாம்.
ஏன்?
மற்றக் குதிரையைக் குறுக்கே விட்டேன், செத்தேன்.
மந்திரியை விட்டேன், செத்தேன்.
பதினோரு தடவை செத்தபிறகு
எஃப் ஆறிலிருந்து டி ஏழுக்குப் பின்வாங்கினேன்.
அசிங்கம்.
சாயங்கால ஊட்டி பஸ்ஸில் ஏறினவர்கள்போல
ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு என் ஆட்கள்.
ஆனால் குதிரை விலகிய இடைவெளியில்
ஜி ஏழு மந்திரிக்குக் கண் திறந்தது.
கோடநாட்டு முனையில் மேகம் கிழிந்து
தெங்குமரஹாடா வயல் தெரியுமே, அப்படி,
மூலைவரைக்கும்.
நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை மறைத்தால் மறைக்கட்டும்.

ஏழரைக்கு வெளியே வந்தால்
எதிர்ச் சரிவில் கொழுந்தெடுக்கிறார்கள்.
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே,
கூடை ஒரு பக்கமாக இழுக்க.
யாரும் விழுவதில்லை.
சமதரை வேண்டுமென்றால் இந்த ஊரில்
மண்ணை வெட்டித்தான் எடுக்கணும்.

மார்க்கெட் பின்னால், தையல்கடை மாடி.
தகரத்தில் மழை.
அவர் தள்ளினார். நான் தள்ளவில்லை.
பி ஐந்து, செக்.
குதிரையை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.
"என்ன திலகா, பயந்துட்டியா?"
பயம்தான்.
பயத்தோடு ஆடுகிற ஆட்டம் இது,
அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பதினேழாவது நகர்த்தலில் என் பி ஐந்து.
அவர் எழுந்திருக்கவில்லை.
பையன் வைத்துப்போன கிளாஸில் ஆடை படிந்தது.
கை ஒரு யானையைத் தொட வந்து
தொடாமல் மடிக்குத் திரும்பியது.
பின்கோடு இல்லாத கடிதம்.

நாற்பத்து மூன்றில் தோற்றேன்.
டி ஆறு விழுந்தது, வேறென்ன.
அடுத்த வாரமும் கறுப்பு எனக்கே என்றேன்.
காய்களைப் பெட்டியில் போட்டபடி
"இதுக்குப் பேர் என்ன?" என்றார்.
பேரைச் சொன்னேன்.
அர்த்தத்தைச் சொல்லவில்லை.