எண்கோணம்

சான் அந்தோனியோ துறைமுகத்துக் கிடங்கில்
கப்பல் இறக்கிய பெட்டிகளுக்கு
கறுப்பு முத்திரை ஒட்டுகிறோம்,
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை.
எட்டு மூலை, வெள்ளை எழுத்து.
சர்க்கரை அதிகம்.
உப்பு அதிகம்.
சுருளுக்கு ஆயிரம்.
விடியும்போது கட்டைவிரல் ரேகையெல்லாம் பசையாகி
வாசலில் விரல் பதிக்கும் இயந்திரம்
நான் யாரென்று கேட்கும்.

போலந்திலிருந்து வரும் பிஸ்கட் பாக்கெட்டில்
ஒரு கரடி, நாக்கைத் துருத்திக்கொண்டு.
முத்திரை வாங்கிய பாக்கெட்டில் இருந்துகொண்டு
கரடி எதுவும் குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது,
இங்கே சட்டம் அப்படி.
முதலில் முகத்துக்கு ஒரு வெள்ளைத் தாள்.
அதன் மேல்பக்கம் முத்திரை.
முதல் வாரம்
யாரையோ அடக்கம் செய்கிற மாதிரி இருந்தது.
அப்புறம் கை மட்டும் வேலை செய்யப் பழகிவிட்டது.

பின்பக்க அட்டவணையைப் படிக்க
எங்களுக்குச் சம்பளம் கிடையாது.
மீர்த்தா படிப்பாள்.
"யாஸ்னா, இதைக் கேள்,
ஒரு பரிமாறல் முப்பது கிராமாம்."
கிழிந்த பாக்கெட்டைத் தராசில் கவிழ்த்தோம்.
இரண்டரை பிஸ்கட்.
அந்த அரையைக் கடித்துவிட்டு
மீதி அரையை யார் திரும்ப வைப்பார்கள்?
அப்படி ஒருவரை
இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது
என்று சிரித்தோம்.
மேற்பார்வையாளர் லெயோனெல் இருமினார்.

கெட்ட கொழுப்பு வரிசையில் ஒரு பூஜ்ஜியம்.
வெறும் பூஜ்ஜியமில்லை அது, என்றாள் மீர்த்தா,
அரைக்குக் கீழே இருந்ததை விழுங்கிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்ட பூஜ்ஜியம்.
கீழே சேர்மானப் பட்டியலில்
எடை கூடியது முதலில் வரவேண்டும்.
கோதுமை முதலில் நிற்கிறது, யோக்கியமாக.
சர்க்கரையை ஐந்து பெயராகப் பிரித்து
ஐந்து இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்,
ஒரே குடும்பம் தனித்தனி ரேஷன் அட்டை வாங்கினதுபோல.

இதெல்லாம் எனக்கு வேடிக்கை.
அவளுக்கு அப்படி இல்லை.
இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது.
செவ்வாய், வியாழன், சனி
இங்கிருந்து நேரே ஊசிக் கட்டிலுக்குப் போகிறாள்.
அவளுக்கு வேண்டியவை இரண்டே எண்கள்:
பொட்டாசியம். பாஸ்பரஸ்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும்
அந்த வரிசைகளே இல்லை.
புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது,
பெட்டிக்குப் பெட்டி ஏதோ ஒரு வைட்டமின்
கொட்டை எழுத்தில் கொக்கரிக்கிறது.

ஒருநாள் இறைச்சி டப்பா ஒன்றைத்
தலைகீழாகத் திருப்பி
விளக்கடியில் பிடித்தாள்.
"ஈ நானூற்று ஐம்பத்தொன்று," என்றாள்,
தேடப்படும் ஆளைப்
பேருந்தில் பார்த்துவிட்டவளைப் போல.
பாஸ்பேட்டுக்கு அது மாறுவேடமாம்.
எவ்வளவு, என்று கேட்டேன்.
"இருக்கேன்னு மட்டும்தான் சொல்றான்."
டப்பாவில் உப்பு அதிகம் ஒட்டி
அடுத்ததை எடுத்தாள்.
இரண்டு மணி இடைவேளையில்
அவள் கொண்டுவந்த அவித்த உருளைக்கிழங்கில்
எதுவும் எழுதியிருக்கவில்லை.
இரண்டு முறை தண்ணீர் மாற்றி அவித்ததாம்,
சுவையும் அதோடு போய்விட்டதாம்.
உப்பில்லாமல் தின்றாள், நிதானமாக,
ஒவ்வொரு துண்டையும் எண்ணிக்கொண்டு.

சனிக்கிழமை நசுங்கின பாக்கெட் ஒன்றை
லெயோனெல் என் பையில் போட்டார்.
பேருந்தில் பிரித்தேன்.
மலைச்சரிவில் வீடுகள் விளக்கணைத்துக்கொண்டிருந்தன.
லோயெயோ போய்ச் சேர்வதற்குள்
பாக்கெட் காலி.
ஏழு பரிமாறல் என்று போட்டிருந்தது.
பரிமாற யாரும் இல்லை,
நான் ஒருத்திதான் இருந்தேன்.

மடியில் துகள்.
தாளின் ஓரம் பெயர்ந்து
கரடியின் ஒரு கண் தெரிந்தது.
கட்டைவிரலால் அழுத்தி
மறுபடி ஒட்டினேன்.
வேலை நேரம் முடிந்து
நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.