இரண்டாவது கோடு

டாஃப் ஆறு வந்துபோன ஐந்தாம் நாள்
வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக
நானும் பியாட்டாவும் உள்ளே நுழைகிறோம்.
வேல்ஸ் மலையடிவாரத்தின் ஒட்டு வீடுகளில் ஒன்று.
இந்தச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர்,
இந்த நாற்றமும் அப்படித்தான்.

முதலில் பட்டியல்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படம்,
பிறகு தெருவில் நிற்கும் இரும்புத் தொட்டி.
சோஃபா, பதினேழு.
மல்லாந்து கிடந்த குளிர்பெட்டி, பதினெட்டு. திறக்கவில்லை.
துவைக்கும் இயந்திரத்தின் கண்ணாடி வட்டத்துக்குள்
பழுப்பு நீரில் நான்கு சட்டைகள்
இன்னும் முறை வராதவைபோல் நின்றன.
"ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ராவெல்லாம்
ஊர் அழுக்கை வெளுக்கிறவள் நான்" என்றாள் நெரிஸ்.
சிரிக்கலாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.
அவளே சிரித்தாள்.
பிறகு வாசலுக்குப் போய்விட்டாள்.

வண்டலை வாரினோம். கிருமிநாசினி அடித்தோம்.
வெள்ளம் நின்றது இடுப்பளவு;
ஒரு மீட்டர் இருபதில் நீலக் கோடு தட்டி
அதற்குக் கீழே சுவரை உரிக்கவேண்டும்.
ஜிப்சம் பலகை நனைந்த ரொட்டிபோல் கையோடு வரும்.
என் கருவிக்கு இரண்டே முள்.
சுவரில் பல் பதித்துச் சொல்லிவிடும்,
எத்தனை சதவிகிதம் ஈரம் என்று.
காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்துபோன அன்று
"அவர் நெஞ்சில் ஒருமுறை வைத்திருக்கலாம்,
எண் ஏதாவது வருகிறதா என்று" என்றாள் பியாட்டா.

சமையலறைப் பலகை பெயர்ந்தபோதுதான்
அது தெரிந்தது.
பின்னால், கல்லின்மேல்,
இந்த வெள்ளத்தின் தடத்துக்கு ஒரு சாண் மேலே
காய்ந்து செதிலாகிப்போன இன்னொரு கோடு.
மண் நிறம்.
தண்ணீரைத் தவிர யாருக்கும்
அவ்வளவு நேராகக் கோடு போட வராது.

யாரோ பார்த்திருக்கிறார்கள்.
பார்த்துவிட்டுப் பலகை அடித்திருக்கிறார்கள்.
பலகைமேல் வெண்ணெய் நிறச் சாயம்,
சாயத்தின்மேல் விலை.

ஒன்பது வருடம் முன்பு நெரிஸ் வாங்கிய வீடு.
விற்றவன் பெயரை அவள் சொல்லவில்லை.
விரலால் தொட்டாள், பொடி உதிர்ந்தது.
"இங்கே தண்ணீர் ஏறினதே இல்லை என்றான்.
கேட்டேன். நான் கேட்டேன்"
என்றாள் என்னிடம்,
ஏதோ நான் சந்தேகப்பட்டதுபோல்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
படம் எடுத்தால் கோப்பில் ஏறும்.
கோப்பில் ஏறினால் பிரீமியம் ஏறும்,
அல்லது காப்பீடே கைவிரிக்கும்.
எடுக்காவிட்டால்
அடுத்த மாதம் நானே புதுப் பலகை அடிப்பேன்.
வெண்ணெய் நிறம்கூட அதேயாக இருக்கலாம்.

கைபேசியைப் பையில் போட்டேன். எடுத்தேன். போட்டேன்.

அவள் என் இடுப்பிலிருந்து அளவுநாடாவை உருவினாள்.
ஒரு முனையை பூட்ஸால் மிதித்து
மறுமுனையைக் கோட்டுக்கு இழுத்து
"நூற்றிரண்டு" என்றாள்.
"எண் தெரிகிற மாதிரி எடு."

எடுத்தேன்.
அவள் கட்டைவிரலும் படத்தில் விழுந்துவிட்டது.

பிறகு மூன்று வாரம்
நான்கு உலர்த்திகள் இரவும் பகலும் உறுமின.
தினமும் காலையில் நான் வருமுன்
வேலை முடிந்து வந்த நெரிஸ்
அவற்றின் வயிற்றுத் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் ஊற்றியிருப்பாள்.
கதவில் பென்சிலால் கணக்கு இருக்கும்:
பதினொரு லிட்டர். ஒன்பது. ஒன்பது. ஆறு.
வேறெங்கே போகும் அது, டாஃபுக்குத்தான்.
கடன் வாங்கியவன் கொடுப்பதுபோல்
சுவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக,
முறைத்துக்கொண்டே, திருப்பிக் கொடுத்தது.

காப்பீட்டிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள்
கதவு நிலையில் குத்தினேன், பதினாறு.
கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.
அடுத்த வீட்டில் யாரோ இருமுவது கேட்டது.
மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தில்
"என்ன ஆச்சு?" என்று கத்தினாள் நெரிஸ்.
"ஒன்றுமில்லை, காய்ந்துவிட்டது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஒன்றை மட்டும் ஓடவிடேன்" என்றாள்.
"இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கணும்."

சின்னதை ஓடவிட்டேன்.