கண் நோட்டு

ஆறாம் வகுப்பின் பாதியில் எனக்கு அந்த வேலை வந்தது.
மாசிலாமணி வார்டன் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து
"எல்லாரும் மூடும்போது நீ மூடாதே" என்றார்.
ஜெபத்தில் கண் திறந்தவன் பெயரை எழுத வேண்டும்.
எழுதப்பட்டவனுக்கு ஞாயிறு முட்டை கிடையாது.
அந்த முட்டை எனக்கு.

என்னோடு சேர்த்து நாற்பத்தொரு பையன்கள். ஏழு மணி.
வெளியே ஆரம்பாக்கம் ரோட்டில்
லாரிகள் ஆந்திராவுக்குக் காத்திருக்கும்.
கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத்
தெலுங்குப் பையன்கள் தெலுங்கில், நாங்கள் தமிழில்
ஒன்றாகத் தொடங்குவோம்.
ஒன்றாக முடிக்கத் தெரியாது.
எங்கள் ஆமென் விழுந்த பிறகும்
அவர்கள் ஆமென் கொஞ்ச தூரம் நடந்து வரும்.
கடவுள் எந்தப் பக்கம் திரும்பியிருப்பார் என்று
அப்போது நான் யோசிக்கவில்லை.
முட்டையை யோசித்தேன்.

கண் மூடிய முகங்களை அவ்வளவு நேரம் பார்த்தவன்
அந்த போர்டிங்கில் நான் ஒருவன்தான்.
தீத்துவின் உதடு அசையும், சத்தம் வராது.
ஏசுபாதம் இமையை இறுக்கிக்கொண்டு
ஊசி போடக் காத்திருப்பவன் போல நிற்பான்.
நெகேமியா நின்றபடியே தூங்குவான்;
தூக்கத்தை எழுத நோட்டில் இடமில்லை.
சமையல் ரோசம்மா சன்னலுக்கு வெளியே
கரண்டியோடு கை குவித்திருப்பாள்,
ரசம் பொங்கினால் மட்டும் கர்த்தரை விட்டு ஓடுவாள்.
ஜெர்மனியிலிருந்து பணம் அனுப்பும் அம்மாமார்களுக்காக
உருகி உருகி வேண்டிக்கொண்டே
வார்டன் கைக்கடிகாரம் பார்ப்பார்.
பென்சில் தாளைத் தொட்டது.
பிறகு எடுத்துவிட்டேன்.

ஆடி கழிந்து சென்சய்யா வந்தான்.
ஏரித் தீவுக்காரன்.
பெருவிரலில் நண்டு கடித்த தழும்பு.
எல்லாரையும் போலக் கை குவித்தான்.
கண்ணை மட்டும் மூடவில்லை.
மேலே பார்க்கவில்லை, சிலுவையைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தான்.

எழுதினேன்.
மூன்று ஞாயிறு அவன் முட்டையைத் தின்றேன்.
நாலாம் வாரம் குழாயடியில் கேட்டேன்:
"மூடித் தொலைச்சா என்னடா?"
"மூசுனா பயம்" என்றான்.
"நீ மட்டும் முழிச்சினு இருக்கே.
அதான் உன்னப் பாத்துக்கினே சொல்றேன்."

சொல்றேன் என்றது ஜெபத்தை.
எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது.

அதற்குப் பிறகு ஏழு மணிக்கு
நாற்பது பேர் இருட்டுக்குள் இருக்க
நாங்கள் இரண்டு பேர் டியூப்லைட்டில் இருந்தோம்.
அம்மாவின் இருமல், படகின் ஓட்டை,
இன்னும் எனக்குப் புரியாத சில,
எல்லாவற்றையும் என் முகத்தின்மேல் வைத்துவிட்டுப் போவான்.
மூக்கில் ஈ உட்கார்ந்தாலும்
நான் அசையாமல் நிற்கப் பழகினேன்.
ஒரு வாரம் நோட்டில் என் பெயரையே எழுதினேன்:
பிலேமோன்.
வார்டன் கண்ணாடியை இறக்கி
"இதை யார் பார்த்தது?" என்றார்.
பதில் தெரியும். சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனவன் திரும்பவில்லை.
முப்பத்தொன்று என்று எண் குத்திய அவன் தட்டு
பொங்கலுக்குப் பிறகு வேறொருவனுக்குப் போனது.

ஜூனில் நோட்டு தீத்துவிடம் போனது.
அன்றிரவு முதல் முறையாகக் கண்ணை மூடினேன்.
இருட்டு வரவில்லை.
வரிசையாக அவர்கள்தான் வந்தார்கள், மூடிய இமைகளோடு.
கடைசியில் ஒருவன், திறந்த கண்ணோடு.
அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன்.
தமிழ் ஆமென் போனது.
தெலுங்கு ஆமென்னும் போனது.
பெஞ்சுகள் நகர்ந்தன, தட்டுகள் சத்தம் போட்டன,
நான் இன்னும் முடிக்கவில்லை.

சனிக்கிழமை நோட்டில் என் பெயர் இருந்தது.
இமை துடித்ததாம்.
திறந்திருக்கிறேன் என்று நினைத்தானாம்.
திருத்தச் சொல்லலாம்தான்.
ஞாயிறு மத்தியானம், எதிர் வரிசையில்
தீத்து இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்,
மெதுவாக,
என் பக்கம் பார்க்காமல்.