தெளிவில்லை, 01:47:22

மிஸ்டர் ஹால்வர்சன்,
நீங்கள் என்னைப் பார்த்ததில்லை.
டுலூத்தில் பனி கொட்டுகிறதாம்,
விசாரணை தொடங்கும் முன் வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.
அதை நான் தட்டச்சு செய்யவில்லை.
பதிவுக்கு வெளியே என்பது
எனக்கு மட்டும் கேட்கிற இடம்.

இங்கே டுமகெட்டேயில் இரவு இரண்டரை.
தகரத்தில் மழை.
வலது கால் மிதிகட்டையில்:
அழுத்தினால் பேசுகிறீர்கள்,
எடுத்தால் பாதிச் சொல்லோடு நிற்கிறீர்கள்.
என் வீட்டில் ஒருவரும்
இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை.

வழக்கு ஒரு மெத்தையைப் பற்றியது.
"ஏழே இரவில் முதுகுவலி போகும்."
நெடுஞ்சாலை ஓரம் நாற்பதடிப் பலகை,
வாசகம் உங்களுடையது.
நம்பிப் படுத்த ஐயாயிரம் முதுகுகள்
இப்போது ஒரே மனுவில் கையெழுத்திட்டிருக்கின்றன.
நான் ஒன்பது மணி நேரமாக
பிளாஸ்டிக் நாற்காலியில்.
என் இடுப்பிடமும் ஒரு மனு உண்டு.
அது இந்த வழக்கில் சேராது.

மிஸ் ப்ரூயிட் கேட்கிறார்:
முதல் வரைவில் "பலருக்கு" என்றொரு சொல் இருந்ததா?
இருந்தது.
"பலருக்கு முதுகுவலி போகும்" என்று?
ஆம்.
அந்தச் சொல் எங்கே போனது?

ஆட்சேபம், என்கிறார் உங்கள் வக்கீல்.
காகிதம் புரள்கிறது.
யாரோ கண்ணாடிக் குவளையை நகர்த்துகிறார்கள்.
பிறகு பதினோரு விநாடி.

எங்கள் கையேட்டில் மௌனத்துக்குக் குறியீடு கிடையாது.
இருமலுக்கு உண்டு. சிரிப்புக்கு உண்டு.
ஒருவர் பேச்சில் இன்னொருவர் பாய்ந்தால்
இரண்டு கோடு.
கூலி ஒலி நிமிடத்துக்கு இவ்வளவு என்பதால்
நீங்கள் வாய் திறக்காத அந்தப் பதினோரு விநாடிக்கும்
எனக்கு மூன்று பெசோ சொச்சம்.
உங்கள் வக்கீலுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று
கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

அப்புறம் சொன்னீர்கள்: வரி நீளமாக இருந்தது,
பலகையில் இடம் போதவில்லை.
வெட்டியது யார்?
"அவர்" என்றீர்களா, "நாங்கள்" என்றீர்களா?
உங்கள் மொழியில் இரண்டுக்கும் நடுவே
ஒரே ஒரு மெய்யெழுத்து.
அதை இருமல் விழுங்கிவிட்டது.

வேகத்தைக் குறைத்தேன்.
பதினான்கு முறை கேட்டேன்.
பதினைந்தாவதில் ஒரு சொல் துல்லியமாக விழுந்தது,
விரல்கள் பாதி அடித்தும்விட்டன.
என் சுவருக்குப் பின்னால் டுக்கோ பல்லி.
சத்தியப்பிரமாணம் எடுக்காத சாட்சி.

"அவர்" என்றால் உங்கள் முதலாளி மாட்டுவார்.
"நாங்கள்" என்றால் நீங்களும்.
மணிலாவிலிருந்து டியோஃபிலோ செய்தி அனுப்பினான்:
ஹைடிலின், ஏதாவது ஒன்றைப் போட்டு முடி,
வாடிக்கையாளருக்குத் தெளிவில்லை என்ற சொல் பிடிக்காது.
நான்காவது வாரமாக அவன் என் பிழைகளை எண்ணுகிறான்,
ஒரு பிழைக்கு ஐந்து பெசோ பிடிப்பு.

குரல் பிடித்திருந்தது எனக்கு, மிஸ்டர் ஹால்வர்சன்.
காப்பாற்றிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.
அங்கேதான் கையை எடுத்தேன்.
கேட்பவருக்குப் பிடித்ததை எழுதுவது
உங்கள் தொழில்.

தெளிவில்லை, 01:47:22.
அந்த வரியில் இடம் தாராளமாக இருந்தது.

விடிந்ததும் பெடிகேப்பில் வீடு.
சந்தை முனையில் புதிய பலகை, சோப்பு:
ஏழே நாளில் நிறம் வெளுக்கும்.
கடைசி எழுத்தின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி.
அதன் துணை வரி
பலகையின் அடியில், எறும்பு வரிசைபோல்,
மின்கம்பத்துக்குப் பின்னால் பாதி.

நிறுத்துங்கள், என்றேன்.
என்ன ஆச்சு?
ஒன்றுமில்லை, படிக்கிறேன்.

இறங்கும்போது இரண்டு பெசோ அதிகம் கேட்டார்.
நின்றதற்கும் காசு உண்டு, மேடம்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.