சாணோத்ரா ஜாபிதா

ராஜ்கோட்டிலிருந்து வந்த அதிகாரி
தாளின் நடுவே ஒரு கோடு கிழித்தார்.
இடப்பக்கம் மன்னருக்கு.
வலப்பக்கம் தேசத்துக்கு.
"சொல்லிக்கொண்டே எழுதும், நர்பேராம்.
இது ஒன்பதாவது சமஸ்தானம் எனக்கு,
நாற்பது நாளில்."

பதினோரு கிராமமும் ஓர் அரைக் கிராமமும் எங்கள் ராஜ்ஜியம்.
போரணாவின் வடக்குத் தெரு
பக்கத்து ராஜாவுடையது; அதனால் அரை.
அங்கே கல்யாணம் என்றால்
மாப்பிள்ளை தெருவைக் கடக்கச் சுங்கம் உண்டு.
குதிரைக்கு இரண்டணா,
மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை.
'சுங்கக் கயிறு, ஒன்று' என்று எழுதினேன்.
"கயிறெல்லாம் எதற்கு?"
அடித்தேன்.
இருபத்திரண்டு வருஷம்
அந்தக் கயிறுதான் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

மோட்டார் மூன்று, இடப்பக்கம்.
ஒன்றுக்கு எஞ்சின் இல்லை,
பின்சீட்டில் கோழி அடைகாக்கிறது.
பீரங்கி ஒன்று, வலப்பக்கம்.
என் காலத்தில் அது வெடித்ததில்லை,
என் அப்பா காலத்தில் ஒருமுறை, தவறுதலாக.

தாகூர் சாகேப் ஊஞ்சலில் இருந்தார்,
பாக்குவெட்டியும் கையுமாக.
எதற்கும் வாய் திறக்கவில்லை,
மணிக்கூண்டு வரும் வரை.
ரயில் நேரத்துக்குப் பதினேழு நிமிஷம் பின்னால் ஓடும்
எங்கள் மணிக்கூண்டு.
மன்னரின் தந்தை எழுவதற்கு ஏற்றபடி
வைத்த நேரம் அது.
"கடிகாரம் வலப்பக்கம் என்கிறீர்கள், சரி.
பதினேழு நிமிஷம் யாருக்கு?"
அதிகாரி சிரிக்கவில்லை.
நான் எழுதவுமில்லை.

சிறையில் ஒரே ஆள், தானியக்கடை வஷ்ராம்.
வேப்பமரத்தில் மூவர்ணத் துணி கட்டிய குற்றம்.
ஆணையின் நகல் என் கையெழுத்து,
அழகாகவே எழுதியிருந்தேன்.
"உடனே விடுங்கள்."
கதவைத் திறந்தோம். அவர் வரவில்லை.
கைதான அன்று கழற்றிய செருப்பைக் கேட்டார்.
எந்தப் பக்கத்திலும் இல்லை அந்தச் செருப்பு.
வெயில் சாயும் வரை தேடினோம்.
கடைசியில் வெறுங்காலோடு நடந்தார்,
என்னைப் பார்க்காமல்.

பன்னிரண்டாம் பக்கத்தில் படிக்கிணறு.
மாஜி சாகேப் தன் சீதனப் பணத்தில் வெட்டியது,
அந்தப்புரத் தோட்டத்துக்குள்.
செப்புப் பட்டயம் தெளிவாகச் சொல்கிறது:
என் மகனுக்கு, அவன் மகனுக்கு.
பஞ்ச வருஷங்களில்
பின்வாசலை அந்தியில் திறந்துவைக்கச் சொல்வாள்.
யார் வருகிறார்கள், என்ன சாதி என்று
காவலாளி கேட்கக் கூடாது.
அவள் போன பிறகு அந்த வாசலுக்குப் பூட்டு.

"கிணறு?" என்றார் அதிகாரி,
அந்தத் தண்ணீரில் இரண்டாவது குவளை குடித்தபடி.

பாக்குவெட்டி நின்றது.

வலப்பக்கம் எழுதினேன்.
மை காயும் வரை தாளை நான் மூடவில்லை.
தாகூர் சாகேப் எழுந்து வந்தார், குனிந்து பார்த்தார்,
கண்ணாடி போட்டிருந்தாரா என்று
இன்றுவரை எனக்கு நினைவில்லை.
திரும்பிப் போய் உட்கார்ந்தார்.
பாக்கு மறுபடி வெட்டுப்பட்டது.

மறுநாள் போரணாவுக்கு நடந்தேன்.
சுங்கக் காவலன் ஹமீர் நின்றிருந்தான்.
அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
நான் சொன்னேன்.
"எந்த ராஜ்ஜியம் போய்விட்டது?
நம்முடையதா, எதிர்த்தெருவா?"
இரண்டும் என்றேன்.
கயிற்றை அவிழ்த்துத் தோளில் சுற்றிக்கொண்டான்.

கடலை மூட்டையோடு ஒரு வண்டி வந்தது.
தடையில்லாத தெருவில்
மாடுகள் தாமாக நின்றன.
வண்டிக்காரன் அதட்டினான், வாலை முறுக்கினான்.
அசையவில்லை.
ஹமீர் என்னைப் பார்த்தான்.
பிறகு தோளிலிருந்து கயிற்றை எடுத்து
புழுதியில் தொப்பென்று போட்டான்.
மாடுகள் நடந்தன.