நகல் நீக்கு

அக்டோபர் பதினைந்து, மாலை ஐந்து மணிக்குள்
தலையெண்ணிக்கை போய்ச் சேர வேண்டும்.
சுப்பீரியர் ஏரிக்கரையில் சின்னக் கல்லூரி எங்களுடையது.
‘நிறுவன ஆய்வு’ என்று பலகை மாட்டிய அறையில்
நான் ஒருத்தி,
கொதித்தால் விசிலடிக்கும் ஒரு ஹீட்டர்,
முன்பிருந்தவர் விட்டுப்போன கள்ளிச்செடி.

முதல் வருடம் எல்லாம் கையால்.
பதிவாளர் கோப்பில் மாதம் முதலில் வரும்,
நிதியுதவிக் கோப்பில் வருடம்.
தாதியர் துறை டோரீன் லாஃபெர்ட்டி
காகிதத்தில் எழுதி, அதைப் படம் பிடித்து,
படத்தை அனுப்புவாள்,
ஓரத்தில் அவள் கட்டைவிரலும் இருக்கும்.
ஒன்பது நாள். மணிக்கட்டில் பட்டை.

அதன்பின் குறுக்குவழிகள் சேர்க்க ஆரம்பித்தேன்,
சிலர் உப்புக்குப்பிகள் சேர்ப்பதுபோல.
மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால்
பெயர்களின் முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடம் உதிரும்.
வேறு மூன்று: தேதிகள் எல்லாம்
ஒரே திசை பார்த்து நிற்கும்.
கெஞ்சல் கடிதம் மூன்று தரத்தில் தயார்,
இனிப்பு, காரம், டீன் பெயரை இழுத்தது.
டோரீனுக்கு மட்டும் நான்காவது.
அதில் அவள் நாயை நலம் விசாரிப்பேன்.
பதில் பத்தே நிமிடத்தில் வரும்,
கட்டைவிரலோடு.

எல்லாவற்றிலும் எனக்குச் செல்லம்
நானே எழுதிய குட்டி நிரல்.
பென் என்று ஒருமுறை, பெஞ்சமின் என்று மறுமுறை
பதிந்துவைக்கும் ஆட்களுக்காக:
குடும்பப்பெயர், பெயரின் முதல் எழுத்து,
பிறந்த நாள், வீட்டு முகவரி
நான்கும் பொருந்தினால்
கீழே இருக்கும் வரியைத் தூக்கிவிடும்.

ஒன்பது நாள் நாற்பது நிமிடமாயிற்று.
மிச்சத்தில் என்ன செய்தாய் என்று
யாரும் கேட்கவில்லை.
ஜன்னலில் நின்று
தாது ஏற்றிப் போகும் கப்பல்களின்
பெயர் படிக்க முயன்றேன்.

ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.
அனுப்பியாயிற்று. மணி நான்கு இருபது.
கோட்டில் ஒரு கை நுழைத்திருந்தேன்.

கதவருகே ஒரு பெண்.
தலையில் வெல்டிங் தொப்பி, நெற்றியில் அதன் தடம்.
“கருத்துக்கணிப்பை நிரப்பினால் காபிக் கூப்பன் என்றீர்கள்.
ஐலிக்கு வந்தது. எனக்கு வரவில்லை.
போன வருடமும் வரவில்லை.”

பெயர்?
“ஐனோ பெல்கோனென்.”

இன்னொரு கையை
நுழைக்காமல் உட்கார்ந்தேன்.
ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே நாள்.
பதினோரு நிமிடம் இளையவளாம்.
ஐலி பகலில் தாதியர் வகுப்பு,
இவள் இரவில் இரும்பு ஒட்டுகிறாள்.
இரண்டு வருடமாகக் கட்டணம் கட்டுகிறாள்,
இரண்டு வருடமாக
நான் அனுப்பிய எந்த எண்ணிலும் இல்லை.

வெளியே ஏரி சலசலத்தது.
அதில் ஒரு ‘சல’வை உருவிவிட்டால்
மிஞ்சுவது ஏரியின் சத்தமில்லை.

“இருவரில் ஏன் என்னை?”
கோபமில்லை; தெரிந்துகொள்ளக் கேட்டாள்.
அகரவரிசை, என்றேன். லகரத்துக்குப் பின்தான் னகரம்.
“ஓ, அதிலுமா!” என்று சிரித்தாள்.

நான்கு ஐம்பத்திரண்டு.
ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு,
மன்னிப்போடு ஒரு வரி. அதற்கு வார்ப்புரு இல்லை,
மூன்று தடவை அழித்து எழுதினேன்.
கூப்பன் தீர்ந்துவிட்டது;
பர்ஸிலிருந்து ஐந்து டாலர் எடுத்துக் கொடுத்தேன்.
“காபி நான்கே முக்கால்தான்,” என்று
கால் டாலர் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

நிரல் இதுவரை தூக்கிய வரிகள்
ஐம்பத்தாறு.
ஒவ்வொரு பெயருக்கும் தொலைபேசியில் கேட்க வேண்டும்:
நீங்கள் ஒருவரா, இருவரா?
முதல் எண்ணை அழுத்துகிறேன்.
மணி அடிக்கிறது.
டோரீன் நாயைப் பற்றி
நீளமாக எழுதியிருக்கிறாள்,
இன்னும் படிக்கவில்லை.