காலாவதித் திகதி

புதுக்குடியிருப்புச் சந்தியில்
என் பாமசிக்கு ஒரேயொரு ஷட்டர்.
கிளினிக் நாளில் பதினொரு மணி தாண்டினால்
ஆஸ்பத்திரியில் இல்லையென்று எழுதிவிட்டதெல்லாம்
துண்டுத் துண்டாய் என் மேசைக்கு வரும்.
கூடவே ஷொப்பிங் பேக்கின் அடியில்
பழைய சேலைத்துண்டு சுற்றிய
வெளிநாட்டுப் போத்தல்கள்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

ஸ்காபரோ மருமகள் போட்டுவிட்ட மக்னீசியம்.
சுவிஸிலிருந்து ஏதோ, எழுத்தெல்லாம் டொச்சில்.
நான் டொச் படித்தவனில்லை.
ஆனால் 'ஹெர்ஸ்' என்றால் இதயம்;
போத்தல்களே படிப்பித்துவிட்டன.

அமலதாஸ் அண்ணர் மீனெண்ணெய்க் குளிசையை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்,
முட்டைக்குள் குஞ்சு தேடுகிறவர் மாதிரி.
முல்லைத்தீவுக் கடலில் முப்பது வருசம் சூடைக்கு வலை போட்டவர்.
"நான் வித்த விலை உனக்குத் தெரியும்.
அதின்ர எண்ணெய் வந்த விலையைப் பார்."
பிறகு, குரலைத் தணித்து,
"உண்மையா அடைப்பை எடுக்குமோ?"

சிலருக்கு உதவும் என்று சிலர் எழுதுகிறார்கள்.
உதவாது என்று எழுதுகிறவர்களும்
அதேயளவு படித்தவர்கள்.
இரவில் போனில் வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன், அண்ணை:
டொக்டர் தந்த வெள்ளைக் குளிசையை விட்டுவிடாதையுங்கோ.
உப்பைக் குறையுங்கோ.
(கருவாட்டுக்காரருக்கு நான் சொல்லும் புத்தி.)

இரத்தினசபாபதியருக்கு இரும்புச்சத்துக் குறைவாம்.
அவருடைய எக்ஸ்ரேயை நான் பார்த்திருக்கிறேன்:
நெஞ்சாங்கூட்டுக்குள்
அரிசியளவில் மூன்று துண்டு.
"உள்ளுக்கை கிடக்கிறது காணாதாமோ?"
கடை முழுக்கச் சிரித்தது.
அவர்தான் கூடச் சிரித்தார், பிறகு இருமினார்.

எலிகளுக்கு ஆயுளைக் கூட்டிவிட்டார்களாம்.
நேற்று இரவு வாசித்தேன்.
எவ்வளவு தின்றன, எத்தனை மணி நேரம் தூங்கின,
எல்லாம் எழுதியிருந்தது.
எத்தனை தரம் இடம்பெயர்ந்தன என்று
எழுதியிருக்கவில்லை.

போத்தல் இல்லாமல் வந்தவர் புஸ்பமலர் அக்காதான்.
அடையாள அட்டையில் அறுபத்தாறு,
கிளினிக் கொப்பியில் அறுபத்தொன்பது.
பிறப்பு அத்தாட்சி இரணைப்பாலையில்
ஒரு பதுங்குகுழிக்குள் கிடக்கலாம்.
"தம்பி, இன்னும் எத்தனை வருசம் இருப்பன்?"

எத்தனை வேணும் அக்கா என்றேன், பகிடியாக.

அவர் விரலை மடக்கினார்.
"வழக்கை மாசிக்குத் தள்ளிப் போட்டாங்கள்.
மாசியில ஆனிக்குப் போடுவாங்கள்.
ஒண்டா மனுக் குடுத்த ஆக்களில
நாலுபேர் இப்ப இல்லை.
நான் போகாட்டி அவன்ர பேரைக் கூப்பிடேக்க
எழும்பி நிக்க ஆளில்லை."

குளிசை எண்ணும் கரண்டி என் கையிலேயே நின்றது.

"இன்னொண்டு" என்றார்.
"எங்கட பரம்பரையில எல்லாருக்கும் கொலஸ்ட்ரோல்.
அப்பு நாப்பத்தஞ்சில விழுந்தவர்.
அவனுக்கு வாற தையோட நாப்பத்தொண்டு.
எங்க இருக்கிறானோ,
ஆரும் ரத்தம் குத்திப் பாத்திருப்பாங்களோ?"

இந்தக் கேள்வியை
எந்த ஆராய்ச்சியிலும் தேடிப் பார்க்க
எனக்குச் சொல் கிடைக்கவில்லை.
விசிறி சுற்றியது. வெளியே யாரோ ஹோன் அடித்தார்கள்.

"ஒரு மாசத்துக்குத் தா.
ஆகப் பிந்தின திகதி போட்டதாப் பாத்து."

ஒரு மாதக் குளிசைக்கு அது தேவையில்லை.
நான் சொல்லவில்லை.
முன்வரிசை அட்டைகளை விலக்கி
அலுமாரியின் அடிவரை கையை விட்டுத் தேடினேன்.
ஒன்று இருந்தது, நான்கு வருசம் தள்ளி, ஆவணி.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
அவரே ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.

ஒட்டுசுட்டான் பஸ் உறுமத் தொடங்கியது.
மிச்சக் காசை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு
வீதியைக் குறுக்கறுத்து
ஓடினார்.

ஓடக்கூடாது என்று
எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.